ஒன்றரை நிமிடப் படகுப்பாதை

நாங்கள் செய்த இணையத்தளங்களில் ஒன்றைக்கூட இன்று திறந்து பார்க்க முடியாது. திரையில் எதையாவது அசைய வைக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மென்பொருளைத்தான் நம்பியிருந்தார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். உலாவிகள் எல்லாம் அதற்குக் கதவைச் சாத்திவிட்டன. எங்கள் மூன்று வருட உழைப்பு என் அலுமாரியில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் சீடிகளாகக் கிடக்கிறது. சீடி போடுவதற்கு என் மடிக்கணினியில் இடமே இல்லை. எங்காவது சீடி ஓடுகிற கணினியில் போட்டுப் பார்த்தாலும் சாம்பல் நிறச் சதுரம் ஒன்றுதான் வரும். பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போதெல்லாம் இதை எறியட்டுமா என்று என் கணவர் கேட்பார். காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நானும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் என்னோடு படித்த என் கூட்டாளியும். நான் வரைவேன், அவள் அதை அசைய வைப்பாள். படிப்பு முடிந்த கையோடு மட்டக்களப்பு டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்தோம். கீழே மெஷின்கள் ஓடினால் மேலே எங்கள் மேசை நடுங்கும். பழைய கணினிகள் இரண்டு, சத்தம் போடும் மின்விசிறி ஒன்று, போன் லைனில் வருகிற இணையம். நான் கல்லடியிலிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டி வருவேன். அவள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து படகுப்பாதை ஏறி வருவாள். வள்ளங்களுக்கு மேல் பலகை அடித்து, இயந்திரம் பூட்டி, ஆளையும் சைக்கிளையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக் கரை சேர்க்கிற அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சுருக்கமாகப் பாதை என்போம். பாதை பிந்தினால் அவளும் பிந்துவாள். அதற்காக நான் அவளை ஏசாத நாள் குறைவு.

வேலை பழகியது யாரிடமும் இல்லை. உலகத்தில் யார் யாரோ செய்து பரிசு வாங்கிய தளங்களின் முகவரிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒன்று. காலையில் முகவரியைத் தட்டிவிட்டு, அறையைக் கூட்டி, கீழே போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால் பாதி இறங்கியிருக்கும். மீதிப் பாதி இறங்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு இருப்போம். இப்போது நினைத்தால், அந்த லைன் மெதுவாக இருந்ததால்தான் எங்களுக்கு ஏதோ கொஞ்சம் பிடிபட்டது என்று தோன்றுகிறது. முதலில் நிறம் வரும். பிறகு கோடு வரும். எழுத்து ஒவ்வொன்றாக வந்து குந்தும். ஒருவர் ஒரு பக்கத்தை எந்த ஒழுங்கில் கட்டியிருக்கிறார் என்பது எங்கள் கண்முன்னால் நடக்கும். ஒரு மெனு வழுக்கி வந்து நிற்பதை ஒரு மத்தியானம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறோம்.

ஜப்பானிலிருந்து யாரோ செய்த ஒரு தளம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. திரை முழுக்க மழை. மவுஸை நகர்த்தினால் அந்த இடத்தில் மட்டும் மழை விலகும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். விற்பதற்கு எதுவுமில்லை, வாசிப்பதற்கும் எதுவுமில்லை. அதைப் பார்த்ததும் அவள் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டாள். "இஞ்ச பாரு கா, இவன் மழையத் தொட விட்டிருக்கான்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்சார சபையை நாங்கள் ஏசிய ஏச்சுக் கேட்டுக் கீழே தையல் கடை அக்கா கத்தரிக்கோலோடு மேலே ஓடிவந்தார்.

அவளுடைய கை எப்படிப்பட்டது என்பதை எப்படிச் சொல்வது? திரையில் ஒரு பொருளை இங்கிருந்து அங்கே நகர்த்துவது யாருக்கும் முடியும். அது எப்படிப் புறப்படுகிறது, எப்படி நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் செய்தால் சுவரில் முட்டிய மாதிரி டக்கென்று நிற்கும். அவள் செய்தால் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னமே ஓய்ந்து, மெல்ல வந்து அடையும். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "பாதையிலதான். கரைக்குக் கொஞ்சம் முன்னுக்கே இஞ்சின நிப்பாட்டிருவாங்க. மிச்சத் தூரம் அது தானா வரும். அந்த மிச்சத்தத்தான் நான் கணக்குப் பண்றன்" என்றாள். நாள் தவறாமல் அதில் ஏறி வந்தவள் அவள். நானும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். என் கவனமெல்லாம் செருப்பு நனையாமல் இறங்குவதில்தான் இருந்தது.

எங்களைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் டவுன் ஆட்கள். கலியாண மண்டபம், ரியூசன் வகுப்பு, காத்தான்குடியில் ஒரு புடவைக் கடை. வருகிறவர் யாராக இருந்தாலும், வாவிக்குள் பாடுகிறதென்று ஊரே சொல்கிற பாடுமீன் வேண்டும். மண்டபத்தின் பெயருக்கு மேலே பாடுமீன் துள்ள வேண்டும், ரியூசன் வகுப்பில் பாடுமீன் புத்தகம் வாசிக்க வேண்டும். அந்த மீன் எப்படியிருக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் அதற்கு இமை மயிர் வைக்கச் சொன்னார். மீனுக்கு இமையே இல்லையே என்றேன். எங்கட மீனுக்கு இருக்கட்டும் என்றார். வரைந்து கொடுத்தேன்.

வேலை வந்துகொண்டிருந்தாலும் அவள் வீட்டில் அதை வேலை என்று எடுக்கவில்லை. அவளுடைய அப்பா வயல் வட்டைக்கும் வீட்டுக்குமாக நடந்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். மகள் பட்டம் முடித்து ஒரு தையல் கடை மாடியில் ஆடு மாடு அசைய வைக்கிறாள் என்று ஊரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பட்டதாரிகளுக்கு அரசாங்கம் நியமனம் கொடுக்கப்போகிறது என்ற கதை வந்ததும் அவரே விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து, நிரப்ப வைத்து, தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். நான் விண்ணப்பிக்கவே இல்லை. திமிர்தான், வேறென்ன. ஒரு வருடம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. பிரதேச செயலகத்தில் பயிலுநர். குறித்த திங்கட்கிழமை காலை கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நியமனம் போய்விடும். இடையில் ஐந்து வாரம் இருந்தது.

அந்த ஐந்து வாரத்துக்குள்தான் ஒருவர் வந்தார். எங்கள் ஊரில் பிறந்து, நோர்வேயில் இருந்தவர். வாவிக் கரையில் ஒரு விருந்தினர் விடுதி கட்டி முடித்திருந்தார். எங்கள் அறைக்கு நேரில் வந்து, நாங்கள் செய்த புடவைக் கடைத் தளத்தைப் பார்த்துவிட்டு, விடுதிக்கு ஒன்று செய்து தாருங்கள் என்றார். நான் நோர்வேக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன், பிடித்தால் அங்கே என் நண்பர்களுடைய வேலையெல்லாம் உங்களுக்குத்தான் என்றும் சொன்னார். அவர் எங்களிடம் பாடுமீன் கேட்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவள் வீட்டில் கதைத்தாள். ஒரு வருடத்துக்கு வேலை கைவசம் இருக்கிறதென்று காட்டினால் நியமனத்தை விடலாம் என்று அப்பா சம்மதித்தார். சம்மதித்தார் என்பதை விட, அவளுடைய அழுகைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டினார் என்பதுதான் சரி. ஆகவே அந்தத் தளம் நோர்வேக்காரருக்குப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அவள் இருப்பாள், பிடிக்காவிட்டால் போவாள். இவ்வளவு சுருக்கமாக அதை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

விடுதியின் தளத்தில் அவளுடைய பங்கு ஒரு வரைபடம். வாவியும் விடுதியும் மேலிருந்து தெரியும். எந்த அறையைத் தொட்டாலும் அதன் யன்னல் திறந்து, அங்கிருந்து தெரிகிற தண்ணீர் விரியும். காலை என்றால் ஒரு நிறம், பின்னேரம் என்றால் ஒரு நிறம். அது நல்ல வேலை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் மனம் முழுக்க இன்னொன்றில் இருந்தது. தளம் இறங்கி முடியும்வரை பார்க்கிறவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே, அந்த நேரத்துக்கு ஒரு படகுப்பாதை விடுவோம் என்றேன். நூற்றுக்கு எத்தனை இறங்கியிருக்கிறதோ அவ்வளவு தூரம் பாதை தண்ணீரில் வந்திருக்கும். நூறானதும் கரை தட்டும். பயணிகள் இறங்குவார்கள். விடுதி திறக்கும்.

இரண்டரைக் கிழமை அதற்கே போனது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர், நெல் மூட்டையில் குந்தியிருக்கும் இன்னொருவர், வெள்ளைச் சட்டையில் பள்ளிப் பிள்ளைகள், கயிற்றில் ஒரு ஆடு. ஒவ்வொருவரையும் நானே பாதையில் போய் நின்று பார்த்து வரைந்தேன். அவள் அவர்களுக்கு உயிர் கொடுத்தாள். நூற்றுக்கு அறுபது ஆகும்போது ஆடு ஒரு தடவை காதை ஆட்டும். ஒரே ஒரு தடவைதான். எங்கள் லைனில் முழுப் பயணமும் ஒன்றரை நிமிடம் எடுத்தது. தையல் கடை அக்கா தன்னிடம் வேலை செய்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். அதன் பிறகு படியால் ஏறி வரும்போதே "ஆடு காதாட்டிட்டா?" என்றுதான் கேட்பார். தளம் திறந்த பிறகு வருகிற வரைபடத்தைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. பாதையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பூரித்துப்போயிருந்தேன்.

அவள் ஒரு நாள் கேட்டாள். "வெளிநாட்டில லைன் வேற மாதிரி இரிக்குமாம் கா. அங்க இது எப்பிடி ஓடும்?"

"எவ்வளவு வேகமா இரிந்தாலும் ஒரு நிமிசம் எடுக்காதா?" என்றேன். கேட்ட எனக்கும் தெரியாது, கேட்ட அவளுக்கும் தெரியாது. பக்கம் திறப்பதென்றால் காத்திருப்பது என்றுதான் நாங்கள் பழகியிருந்தோம். காத்திருக்காமல் ஒன்று திறக்கும் என்பதை எங்கள் இருவருடைய மூளையும் ஏற்கவில்லை. காத்திருக்கிறவருக்கு நல்லதொரு இருப்பிடம் கொடுத்துவிட்டோம் என்று சந்தோசப்பட்டோம். இப்போது கல்லடியில் என் வீட்டுக்கு ஃபைபர் லைன் வந்திருக்கிறது. விரலை எடுக்குமுன் பக்கம் திறந்துகொள்கிறது. அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

திங்கட்கிழமை தளத்தை அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை காலை நான் முதலில் வந்தேன். பாதை பிந்தியிருந்தது, அவள் வரவில்லை. நோர்வேயிலிருந்து அவருடைய மின்னஞ்சல் வந்திருந்தது. வரைபடம் அருமை என்று எழுதியிருந்தார். இப்படியொரு வேலையை இங்கேயும் நான் பார்க்கவில்லை, என் நண்பர்களுக்குக் காட்டினேன், இரண்டு பேர் இப்போதே கேட்கிறார்கள். ஒரே ஒரு விஷயம்: தொடக்கத்தில் ஏதோ மினுங்கிப் போகிறது, ஏதோ பிழை போலிருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

ஏதோ மினுங்கிப் போகிறது. சைக்கிள்காரர், நெல் மூட்டை, பிள்ளைகள், ஆடு எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு மினுக்கம். அது பிழை இல்லை, பாதை, வேண்டுமென்றால் பத்து விநாடி நிற்கிற மாதிரிச் செய்து தருகிறோம் என்று எழுதினேன். அங்கே அப்போது அதிகாலை, ஆனாலும் அவர் கணினியில்தான் இருந்திருக்கிறார், உடனே பதில் வந்தது. என் வாடிக்கையாளர் பத்து விநாடி காத்திருக்க மாட்டார் தங்கச்சி, எடுத்துவிடுங்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் நன்றாக வரும். பாதை இல்லாமல் அந்தத் தளம் இல்லை, வேறு யாரையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். பிறகு அந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அழித்தேன்.

அவள் படியேறி வந்தபோது ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டே "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அவருக்குப் பிடிக்கல்லயாம்" என்றேன்.

அவள் செருப்பிரண்டையும் வாசலோரம் சேர்த்து வைத்தாள். பிறகு "சரி" என்றாள்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவள் வந்தாள். வேலை எதுவும் இல்லை. கொப்பியில் மிஞ்சியிருந்த முகவரிகளைத் தட்டிப் பார்த்தாள். சீடிகளுக்கெல்லாம் பெயர் எழுதினாள். பின்னேரம் கிளம்பும்போது "வேற ஒண்டும் இல்லையா கா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். அறையைப் பிரிய மனமில்லாமல் வருகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வரும். ஆனால் சொன்னால் பாதையை எடுத்துவிடுவோம் என்றுதான் அவள் சொல்வாள். அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாதைக்கு அவள் போனாள். திங்கட்கிழமை செயலகத்தில் கையெழுத்து வைத்தாள். ஆறு மாதத்தில் நான் அந்த அறையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நாங்கள் பகையாகவில்லை. ஒருவருடைய கலியாணத்துக்கு ஒருவர் போனோம். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக் கோயிலில் தீர்த்தமாட வந்த சனத்துக்குள் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் இருவரும் தொடவில்லை. எனக்கு வேலை கூடியது. இப்போது வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அசைவுகள் செய்கிறேன். அங்கே என் மேலாளருக்கு என் வேலை பிடிக்கும். நிற்கிற இடத்தில் நீங்கள் என்னவோ செய்கிறீர்கள் என்று பாராட்டுவார். அது நான் இல்லை, இன்னொருத்தி கணக்குப் பண்ணிய மிச்சத் தூரம் என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் டெங்கு கூடியது. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று கிராம சேவையாளர் ஆள் அனுப்பினார். கணவர் நழுவிவிட்டார், நான் போனேன். பிரதேச செயலக மண்டபத்தில் பின்வரிசையில் வேண்டாவெறுப்பாகக் குந்தினேன். அவள் அங்கே மாற்றலாகி வந்திருப்பது தெரியும், ஆனால் கண்ணில் படவில்லை. சுகாதாரப் பரிசோதகர் பேசத் தொடங்கினார். திரையில் படம் ஓடியது. ஒரு சிரட்டை, அதில் தேங்கிய தண்ணீர். டெங்கு நுளம்பு ஒன்று பறந்து வந்தது. வந்து டக்கென்று நிற்கவில்லை. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஓய்ந்து, மெல்ல இறங்கிக் கால் வைத்தது. தண்ணீர் மெதுவாக வளையமிட்டு அடங்கியது. எனக்கு முன்னால் இருந்த மனிசி பேச்சை விட்டுவிட்டு அதைப் பார்த்தார். சாதாரண அலுவலக மென்பொருளில், யாரும் கேட்காமல், யாரும் பாராட்டாமல் அவள் இதைச் செய்திருந்தாள். எனக்கு அந்த மண்டபத்துக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவளைத் தேடிப் பிடித்தேன். சிற்றுண்டிச் சாலையில் ரீ எடுத்துத் தந்தாள். நுளம்பைப் பற்றிச் சொன்னேன். "கண்டுட்டியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் என் வாய் திறந்தது.

"அந்த நோர்வே ஆள் வேணாம் எண்டு சொல்லல்ல கா. பாதைய மட்டும்தான் எடுக்கச் சொன்னாரு. உன்ட வரைபடத்த அருமை எண்டு எழுதியிருந்தாரு. நான்தான் ஏலா எண்டு எழுதினன். உனக்குச் சொல்லல்ல."

"தெரியும்" என்றாள்.

நான் ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அடுத்த நாளே எனக்குப் போன் எடுத்தாரு. உங்கட கூட்டாளி இப்பிடி எழுதியிருக்கா, நீங்க என்ன சொல்றீங்க எண்டு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு பேரும் கதைச்சுத்தான் எழுதினம் எண்டு சொன்னன்."

"ஏன் கா என்னக் கேக்கல்ல?" என்றேன். கேட்கும்போதே அந்தக் கேள்வியின் அநியாயம் எனக்குத் தெரிந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழம வரைக்கும் வந்தன்தானே" என்றாள். "நீ சொல்லுவ எண்டுதான் வந்தன்."

பிறகு அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எழும்பிப் போனாள். மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.